பெரியவர்கள் இல்லாத படத்தில் என் மகள்

பெரியவர்கள் எல்லோரும் செத்துப்போய்விட்டார்கள், உலகத்தில் மிச்சம் குழந்தைகள் மட்டும்தான். படத்தின் கதை இது என்று டைரக்டர் தம்பி சொன்னதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "அப்ப இதுங்களுக்குச் சோறு யாரு ஆக்குவா? பேன் யாரு பாப்பா?" என்று கேட்டேன்.

"படமே அதாங்க்கா" என்றார்.

நாலைந்து பேரோடு சென்னையிலிருந்து வந்தவர். ஆம்பூருக்கு வெளியே மூடிக் கிடக்கிற தோல் தொழிற்சாலையில்தான் ஷூட்டிங். நடிப்பது எல்லாம் எங்கள் தெருப் பிள்ளைகள். என் மகளுக்குப் பெரிய வேஷம், ஆனால் ஒரு சிக்கல். அம்மா இனி வரவே மாட்டாள் என்று புரிகிற காட்சியில் அவளுக்கு அழுகை வரவில்லை. அன்றைக்கும் வராவிட்டால் வேஷம் வேறு பெண்ணுக்குப் போய்விடும். அந்தப் பயத்தில் அவள் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. ஷூ கம்பெனியில் தைக்கிற நான், லீவு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

கண்ணில் கிளிசரின் எதுவும் விடக்கூடாது, தானாக அழ வேண்டும் என்பது டைரக்டரின் பிடிவாதம். மகளோ என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். "அக்கா, கொஞ்சம் மறைவா நில்லுங்க" என்று என்னை ஒரு தூணுக்குப் பின்னால் அனுப்பினார்கள்.

அப்போது பக்கத்தில் இருக்கிற எங்கள் கம்பெனியில் சங்கு ஊதியது. சங்கு ஊதினால் எங்கள் தெருப் பிள்ளைகள் ஒன்றும் இருந்த இடத்தில் இருக்காது. அம்மாக்கள் வேலை முடிந்து வருகிற நேரம், சாலைக்கு ஓடிவிடும். நடிப்பாவது கிடிப்பாவது, மொத்தக் கூட்டமும் கேட்டுக்கு ஓடியது. கேமராவும் பின்னாலேயே ஓடியது. மகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, போகிற பெண்களை முகம் முகமாகப் பார்த்தாள். அவள் உதடு பிதுங்கியது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

என்னால் தாங்க முடியவில்லை. "அடியே, இங்கதான்டி இருக்கேன்!" என்று கத்திவிட்டேன்.

டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். மகள் திரும்பி என்னை முறைத்தாள் பாருங்கள்! "கெடுத்துட்டியேம்மா! நீ லீவுன்னு எனக்குத் தெரியாதா இன்னா? நடிச்சினு இருந்தேன்!"

"நாளைக்குச் சங்கு ஊதறப்ப இன்னொரு தடவ எடுக்கறேன். அதான் கடைசி" என்றார் டைரக்டர். "நீங்க வேலைக்குப் போயிடுங்கக்கா, புண்ணியமா போவும்."

அந்த அழுகை நடிப்புதானா? எனக்குத் தெரிந்தாக வேண்டும் போலிருந்தது. மறுநாள் வேலை முடிந்து கூட்டத்தோடு வந்தபோது அவள் கேட்டருகே நின்றிருந்தாள். கேமராவுக்கு அவள் முகம் மட்டும்தான் வேண்டும், நாங்கள் தெரிய மாட்டோம். அவள் கண்ணையே பார்த்தபடி நடந்தேன். முகம் முகமாக வந்த பார்வை என் மேல் நின்றது. யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோல் பார்த்தது. அடுத்தவளிடம் போய்விட்டது.

பிறகு அவள் அழ ஆரம்பித்தாள். எங்கே கூப்பிட்டுவிடுவேனோ என்று, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நடந்தேன்.