நான் ஓகே போட்ட லேப்டாப்

மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நான் பதினெட்டு வருடமாக இன்ஸ்பெக்டர். இன்ஸ்பெக்டர் என்றதும் தொப்பியும் லத்தியும் ஞாபகத்துக்கு வர வேண்டாம். மெஷினிலிருந்து வரும் பாகத்தை எடுத்து அளந்து பார்ப்பேன். அளவு சரியாக இருந்தால் தாளில் ஓகே என்று எழுதி என் முதலெழுத்தைப் போடுவேன். இல்லையென்றால் சிவப்புத் தொட்டியில் எறிவேன். எறியும்போது மனசுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் வரும், அதை மறைப்பானேன். அடுத்தவன் தப்பைக் கண்டுபிடிப்பதில் நான் கில்லாடி என்று எங்கள் ஷிஃப்டில் எல்லோரும் சொல்வார்கள்.

ஷிஃப்ட் முடிந்ததும் அளக்கும் கருவிகளைத் துடைப்போம். அதற்கென்று கம்பெனியே மஞ்சள் துணி கொடுக்கும். துடைத்த துணியை நாலாக மடித்துக் கருவியின் வாய்க்குள் வைத்து, பெட்டியில் போட்டு மூட வேண்டும். இரும்பும் இரும்பும் நேராக உரசக் கூடாது, ஈரம் தங்கக் கூடாது என்பதற்காக. பதினெட்டு வருடத்தில் இது என் கைக்கு ஏறிப்போன பழக்கம். நான் வேறு ஏதோ யோசித்துக்கொண்டிருப்பேன், கை அதுபாட்டுக்கு மடித்து வைத்துவிடும்.

என் மனைவி ஒரு துணி ஏற்றுமதிக் கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தவள். நாள் முழுக்க நின்றுகொண்டே செய்யும் வேலை. இடுப்பு எலும்பு தேய்ந்து, இனிமேல் நிற்கவே கூடாது என்று டாக்டர் சொல்லி ஒரு வருடமாக வீட்டில் இருந்தாள். வாய் ஓயாமல் பேசுகிறவள் அந்த ஒரு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். "இந்தச் செவுத்தையே பாத்துகினு கீறேன். செவுரு என்னப் பாத்துகினு கீது" என்று ஒருநாள் சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அப்புறம்தான் இந்த வேலை வந்தது. ஆட்கள் தமிழில் பேசிய பதிவுகளைக் காதில் கேட்டு, கேட்டதை அப்படியே தட்டித் தர வேண்டும். வீட்டிலிருந்தே செய்யலாம். காலை பத்திலிருந்து மதியம் இரண்டு வரை. பதினைந்து நாள் பார்ப்பார்கள், பிடித்திருந்தால் வைத்துக்கொள்வார்கள். ஒரே ஒரு நிபந்தனை: வேலை நேரத்தில் தொடர்பு அறுந்து போகக் கூடாது. மூன்றாவது தடவை அறுந்தால் அத்தோடு சரி. "உக்காந்துகினே செய்ற வேலைங்க" என்று அவள் என்னிடம் நாலு தடவை சொன்னாள். 

லேப்டாப்பைப் பொத்தேரியில் வாங்கினோம். காலேஜ் பிள்ளைகளுக்கு விற்றே பழக்கப்பட்ட கடை. "எட்டு மணி நேரம் சார்ஜ் நிக்கும் அண்ணாத்த, கண்ண மூடிகினு வாங்கினு போ" என்றார் கடைக்காரர். நான் கண்ணை மூடாமல், பெட்டியில் போட்டிருந்ததை எல்லாம் படித்துப் பார்த்துத்தான் வாங்கினேன்.

வேலை ஆரம்பித்த திங்கட்கிழமை, வேலை கொடுத்தவர்கள் ஆபீசில் மேற்பார்வை பார்க்கும் அம்மா போனில் சில செட்டிங்குகளை மாற்றச் சொன்னார். சும்மா விட்டால் லேப்டாப் தானாகத் தூங்கிவிடும், தூங்கினால் தொடர்பு அறுந்துவிடும், அதனால் தூங்கவே தூங்காதபடி வைத்துவிடுங்கள் என்றார். வைத்தோம். மூடியை மூடினால் மட்டும் தூங்கும். அன்று ராத்திரி நான் முறையாக அணைத்துவைத்தேன். மறுநாள் காலை திறந்தால் அப்டேட் என்று சொல்லி முக்கால் மணி நேரம் சுற்றிக்கொண்டே இருந்ததாம். பத்து மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போதுதான் அவள் உள்ளே போக முடிந்தது. இனிமேல் அணைக்க வேண்டாம், மூடி மட்டும் வைப்போம் என்று முடிவு செய்தேன். எங்கள் வீட்டில் இந்த மாதிரி முடிவுகளை நான்தான் எடுப்பேன்.

எங்கள் ஊர் மாமல்லபுரத்துக்கு வடக்கே, கடலிலிருந்து கூப்பிடு தூரம். உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது. கேட்டுக்கு வருடம் இரண்டு தடவை பெயின்ட் அடிக்க வேண்டும். டிவி ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை, ஃபேன் மோட்டாருக்கு எண்ணெய், கொக்கிக்குக் கூட கிரீஸ். தெருவில் மின்கம்பங்களே அரித்துப்போய், அந்த வாரம்தான் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறுவதற்குள் வேலையை ஆரம்பித்துவிட வேண்டும் என்று காலை ஆறு மணிக்கெல்லாம் கரன்ட்டை நிறுத்தினால், மதியம் இரண்டுக்குத்தான் வரும். நெட் அவள் போனிலிருந்துதான், அதனால் லேப்டாப்பில் சார்ஜ் இருந்தால் போதும்.

எனக்குக் கம்பெனி பஸ் ஐந்தேகாலுக்கு. ராத்திரி சார்ஜ் போட்டு, காலை ஐந்து மணிக்கு நூறு சதவீதம் இருப்பதைப் பார்த்து, வயரைப் பிடுங்கி, துடைத்து, மூடி, பையில் போட்டு ஷெல்ஃபில் வைத்துவிட்டுக் கிளம்புவேன். கரன்ட் போய்ப் போய் வரும்போது வயர் சொருகியிருக்கக் கூடாது. போன வருடம் அப்படித்தான் டிவி புகைந்தது.

புதன்கிழமை பன்னிரண்டரைக்கு லேப்டாப் நின்றுபோனது. முதல் தடவை. நான் சார்ஜ் சரியாகப் போடவில்லையோ என்று அவள் கேட்டாள். எனக்குச் சுருக்கென்று வந்தது. "நூறு பாத்துட்டுத்தாம்மே புடுங்கினேன்" என்று கத்தினேன். அன்று சாயங்காலமே ஒரு நோட்டு போட்டேன். காலை ஐந்து மணிக்கு எத்தனை, பத்து மணிக்கு எத்தனை, எப்போது நின்றது என்று மூன்று பத்திகள். வெளிச்சத்தைக் குறைத்தேன். வேண்டாத புரோகிராம்களை எல்லாம் எடுத்தேன். பத்து மணிக் கணக்கை அவள் எழுத வேண்டும் என்று சொன்னேன்.

வியாழக்கிழமை கரன்ட் நிற்கவில்லை, தப்பித்தோம். ஆனால் நோட்டில் பத்து மணிக்கு நாற்பத்து நாலு என்று அவள் எழுதியிருந்தாள். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நாற்பத்தொன்று. பன்னிரண்டேகாலுக்கு நின்றது. இரண்டாவது தடவை.

காலை ஐந்துக்கு நூறு, பத்துக்கு நாற்பத்தொன்று. நடுவில் யாரும் தொடவில்லை. பையில் சும்மா கிடக்கிற பேட்டரி எங்கே ஒழுகுகிறது? "பையிலேர்ந்து எடுக்கறப்போ சூடா கீதுங்க" என்றாள் அவள். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "மே மாசம். இந்த வூட்ல எதுமே சூடு இல்லாம கீது?" என்றேன்.  அவள் சொன்னதை நோட்டிலும் நான் எழுதவில்லை.

சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு செங்கல்பட்டில் இருக்கும் சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கவுன்டரில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டார்.

"வேலை முடிஞ்சா இன்னா பண்ணுவீங்க சார்? ஷட்டவுனா?"

"மூடி வெச்சுடுவேன்."

"மூடினா தூங்கிடும் சார். அதுல ஒண்ணும் பிரச்சனை இல்ல."

நாள் முழுக்க அங்கேயே திறந்துவைத்து ஓட்டிப் பார்த்தார்கள். ஏழு மணி நேரத்துக்குப் பக்கத்தில் சார்ஜ் தாங்கியது. "நல்லா கீது சார், எடுத்துகினு போங்க" என்றார். நான் விடுவேனா? நோட்டை விரித்துக் காட்டினேன், குரலை உயர்த்தினேன், நான் யார், என்ன வேலை செய்கிறேன் என்றெல்லாம் சொன்னேன். அந்த மனிதர் என் நோட்டை மரியாதையாகப் பார்த்துவிட்டு, "வூட்ல இன்னாவோ நடக்குது சார்" என்றார். என்னைக் கேலி செய்வதாக நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன். உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறார், பாவம்.

ஞாயிற்றுக்கிழமை நானே உட்கார்ந்தேன். பத்து மணிக்கு வயரைப் பிடுங்கி, லேப்டாப்பைத் திறந்து மேசைமேல் வைத்து, எதிரில் நாற்காலி போட்டு, அரை மணிக்கு ஒருதரம் எழுதினேன். சோறு கூட அங்கேயே. அவள் பழைய பதிவு ஒன்றைப் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். நாலே முக்காலுக்கு இன்னும் எட்டு சதவீதம் இருந்தது. எனக்கு ஒன்றுமே புரியவில்லை. நான் கண்கொட்டாமல் பார்த்தால் ஒழுங்காக இருக்கிறது, தலையைத் திருப்பினால் ஒழுகுகிறது. இப்படி ஒரு பழுதை நான் வேலையில் பார்த்ததே இல்லை. ஆனாலும் கணக்கு கணக்குதானே. நோட்டில் ஓகே என்று எழுதி முதலெழுத்தைப் போட்டேன்.

அன்று சாயங்காலம்தான் மேற்பார்வை அம்மா போன் செய்தார். நல்ல மனுஷி. இரண்டு தடவை ஆகிவிட்டது, உங்கள் ஊரில் மதியத்துக்கு மேல் கரன்ட் இருக்கும் என்கிறீர்கள், வேண்டுமானால் நாளையிலிருந்து நாலு முதல் எட்டு வரை மாற்றித் தருகிறேன், இப்போதே சொல்ல வேண்டும் என்றார். மனைவி போனைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னாங்க சொல்றது?"

"அதெல்லாம் இன்னாத்துக்கு? அதான் டெஸ்ட் பண்ணியாச்சே. நல்லா நிக்குது. சாயங்காலம் ஒக்காந்தா உனக்கு இடுப்பு வலிக்கும்."

அவள் போனில் சொன்னாள்: "வேணாங்க மேடம். எங்க வூட்டுக்காரரு நாள் பூரா ஒக்காந்து டெஸ்ட் பண்ணிட்டாரு. அவுரு ஓகேன்னா ஓகேதான்." அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. எனக்கும்தான்.

திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு நூறு. வழக்கம்போல எல்லாம் செய்துவிட்டுக் கிளம்பினேன். எங்கள் ஷிஃப்டில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் எடுத்துப் பார்த்தேன். அவளிடமிருந்து ஒரே வார்த்தை: "நின்னுச்சு."

வீட்டுக்கு வந்தபோது அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். வேலை இல்லை என்று மெயில் வந்துவிட்டது, படித்துக் காட்டவா என்றாள். வேண்டாம் என்றேன். கடைக்காரரைத் திட்டினேன், கம்பெனியைத் திட்டினேன், கம்பம் மாற்றுகிறவர்களைத் திட்டினேன். நாளைக்குப் பொத்தேரிக்குப் போய் இதை அவன் மேசைமேலேயே போட்டு உடைக்கிறேன் என்றேன். அவள் நிமிர்ந்து கூடப் பார்க்கவில்லை.

மெயில் பார்க்க அவள் சார்ஜ் போட்டுத் திறந்துவைத்திருந்த லேப்டாப்பை, கடைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று வயரைப் பிடுங்கித் துடைத்தேன். மூடினேன். பையைக் காணோம். மேசைமேலேயே வைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். விளக்கு வைக்கிற நேரம். எங்கள் ஊரில் அந்த வேளையில் கரன்ட் ஒருதரம் போய்விட்டு வருவது சகஜம். போனது. மெழுகுவத்தி எடுக்க உள்ளே திரும்பினேன்.

மேசைமேல் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று தெரிந்தது. மூடிய லேப்டாப்பின் விளிம்பில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வெளிச்சம்.

திறந்தேன். திரை பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. கீபோர்டின்மேல், நாலாக மடித்தபடி, என் மஞ்சள் துணி.

துணியை எடுத்துவிட்டு மூடினேன். இருட்டு. துணியை வைத்து மூடினேன். கோடு. மூன்று தடவை செய்து பார்த்தேன், எங்கள் வேலையில் மூன்று தடவை பார்க்க வேண்டும். மூடி முழுசாகப் படிந்தால்தான் தூங்கும். அந்தத் துணியின் கனத்துக்கு அது மூடியதாகவே நினைக்கவில்லை. தினமும் காலை ஐந்து மணியிலிருந்து பத்து மணி வரை, பைக்குள், சூடாக, திரை எரிந்தபடி விழித்துக்கொண்டே இருந்திருக்கிறது. உப்பு படக் கூடாது, திரையில் கீறல் விழக் கூடாது என்று முதல் நாளிலிருந்து ஒருநாள் தவறாமல் வைத்திருக்கிறேன். நோட்டில் எல்லாவற்றையும் எழுதினேன், இதை எழுதத் தோன்றவில்லை. பழுது எந்த நிலையில் வருகிறதோ அந்த நிலையிலேயே வைத்துத்தான் சோதிக்க வேண்டும் என்று புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் எடுப்பதே நான்தான். ஞாயிற்றுக்கிழமை பூரா திறந்துவைத்தல்லவா பார்த்தேன்!

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். நிஜமாகவே யோசித்தேன். கடையில் கொடுத்து வேறு வாங்கிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் அவள் மெழுகுவத்தியோடு வந்து நின்றுவிட்டாள்.

"இருட்டுல இன்னா பண்ணிகினு கீறீங்க?"

காட்டினேன். துணியோடு ஒருதரம், துணி இல்லாமல் ஒருதரம். அவள் மெழுகுவத்தியை என்னிடம் கொடுத்துவிட்டுத் தானே ஒருதரம் செய்து பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம். துணியை எடுத்து விரித்துப் பார்த்தாள், மறுபடி நாலாக மடித்தாள், மேசையின் ஓரத்தில் வைத்தாள்.

"சாயங்கால வேலையே குடுக்கறேன்னாங்க அந்தம்மா" என்றாள். "நீங்க ஓகேன்னதாலதான் வேணான்னேன்."

நாளைக்குப் போன் செய்து நடந்ததைச் சொல்லலாம் என்றேன். வேறு ஆள் எடுத்தாகிவிட்டது என்று மெயிலிலேயே போட்டிருக்கிறது என்றாள். நான் படிக்க வேண்டாம் என்று சொன்ன மெயிலில்.  கரன்ட் வந்ததும் அவள் போய்ச் சுவரைப் பார்த்தபடி படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு நூறு. வயரைப் பிடுங்கி, துணி இல்லாமல் மூடி, ஷெல்ஃபில் வைத்துவிட்டு பஸ் ஏறினேன். ஏன் செய்தேன் என்று கேட்டால் தெரியாது.

சாப்பாட்டு நேரத்தில் லாக்கரிலிருந்து போனை எடுத்தேன். சரியாகப் பத்து மணிக்கு அவள் ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தாள்.

"99 கீது."