லேனா மடியில் ஒரு குழந்தை

ஜெர்மனியிலிருந்து எங்கள் கல்லூரிக்குப் படிக்க வந்து மூன்று வாரமான லேனா, இன்று பெரியகுளம் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

"ஊருக்கே திரும்பிப் போகிறேன். இங்கே எனக்கு யாரையும் தெரியாது."



அடுத்த நிறுத்தத்தில் கூட்டத்தோடு ஏறிய ஓர் அக்கா, தன் கைக்குழந்தையை லேனாவின் மடியில் வைத்தார். "செத்த வச்சுக்க ஆத்தா."

லேனா திகைத்துப்போனாள். "என்னை இவருக்குத் தெரியாதே!"

அதை அக்காவிடம் சொன்னேன்.

"தெரியாட்டி என்ன? இங்கனதான இருக்கா!"

குழந்தை லேனாவின் விரலைப் பிடித்தபடி தூங்கிவிட்டது. எங்கள் நிறுத்தம் வந்தும் அவள் எழவில்லை. "எழுந்தால் விழித்துவிடும்" என்றாள்.

பெரியகுளம் வரை போய்த் திரும்பினோம். ஊருக்குப் போகும் பேச்சை அவள் மறுபடி எடுக்கவில்லை.

மதிய வகுப்புதான் போய்விட்டது. பேராசிரியரிடம் என்ன காரணம் சொல்லலாம், நீங்களே சொல்லுங்கள்.