மாமாவின் செத்தவீட்டு வெடி

எனக்குச் சிங்களம் தெரியும் என்பது என் தலையெழுத்தாகப் போய்விட்டது. சிலாபத்தில் பிறந்து, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு சண்டை பிடித்தே பழகிய சிங்களம் அது. தமிழ் மீனவ ஊரான உடப்புக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு ஊருக்கே பொதுச் சொத்தாகிவிட்டது. யாருக்குப் பொலிஸில் அலுவல் என்றாலும் என் வீட்டு வாசலில்தான் வந்து நிற்பார்கள். யுத்த காலத்தில் பொலிஸில் அலுவல் இல்லாத தமிழன் எங்கே இருந்தான்? பதிவு, அடையாள அட்டை, கடலுக்குப் போகப் பாஸ் என்று ஒவ்வொன்றுக்கும் சேலை மாற்றிக்கொண்டு போய் வந்தேன். ஆனால் என் மாமனார் என்னைக் கூட்டிக்கொண்டு போன அலுவலைப் போல ஒன்றை அந்தப் பொலிஸ் கண்டிருக்காது.

தன்னுடைய செத்தவீட்டுக்கு வெடி கொளுத்த இப்போதே அனுமதி எடுக்க வேண்டுமாம். ஆளைப் பார்த்தால் கருங்கல் மாதிரி இருக்கிறார். கரைவலை இழுக்கும்போது வாலிபர்களுக்கு முன்னால் நின்று கயிற்றைப் பிடிக்கிற மனுஷன்.

"உங்களுக்கு என்ன, விசரா மாமா?" என்று கேட்டுவிட்டேன்.

"விசரெண்டாலும் பரவாயில்ல புள்ள. மாமிய அனுப்பின மாதிரி என்னையும் அனுப்பிடாதீங்க."

மாமி செத்தது கொழும்பில் குண்டு வெடித்த கிழமையில். வெடிச் சத்தம் கேட்டால் சென்றிக் காவலரணில் நிற்பவன் என்ன ஏதென்று கேட்காமல் சுட்டுவிடுவான் என்று ஊரே பயந்துபோய் இருந்தது. வெடி இல்லை, பறைமேளம் இல்லை. ஒப்பாரியைக்கூட வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் வெடி இல்லாமல் போகிற பிரேதம் நாதியற்றவனின் பிரேதம். மாமியோ பேசத் தொடங்கினால் கடலே வாயை மூடிக்கொள்ளும். அப்படிப்பட்டவரைத் தூக்கிக்கொண்டு போனபோது காலடிச் சத்தம் மட்டும்தான். மணலில் அதுவும் சரியாகக் கேட்கவில்லை.

"கள்ளச் சாமான் கடத்துற மாதிரிக் கொண்டுபோய்ப் போட்டுட்டன் அவள," என்றார் மாமா. "எனக்கு வாங்கிற வெடியில பாதிய அவள்ட இடத்தில கொளுத்துங்க. எனக்கு அது போதும்." சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தி வேலியில் துடைத்தார்.

சரி என்று கிளம்பினோம். மாமா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அது பெட்டிக்குள் படுப்பதற்கென்று அவரே சொல்லித் தைப்பித்து அலுமாரியில் வைத்திருந்த சட்டை. "மாமா, அது கடைசிக்கு எண்டு வச்சதெல்லோ?" என்றேன். "பெரிய மாத்தயாவப் பாக்கப் போறம், வேற நல்ல சட்ட எனக்கு எங்க கிடக்கு?" என்றார்.

பொலிஸ் பொறுப்பதிகாரி நல்ல மனுஷன், கதிரை போட்டு உட்காரச் சொன்னார். நான் சிங்களத்தில் விசயத்தைச் சொன்னேன். வெடி என்ற சொல்லைக் கேட்டதும் முகம் இறுகியது. செத்தவீடு என்றதும் இளகியது. "பாவம், யார் செத்தது?" என்று கேட்டார்.

நான் மாமாவைக் காட்டினேன்.

அவர் மாமாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மாமா எழுந்து நின்று கும்பிட்டார். அந்த நேரம் நிலம் பிளந்திருந்தால் நான் உள்ளே போயிருப்பேன்.

"அனுமதிக்குத் திகதி வேணுமாம் மாமா. எண்டைக்கு எண்டு கேக்கிறார்."

"ஒரு திகதியப் போட்டுத் தரச் சொல்லு. நான் அதுக்குள்ள முடிச்சுத் தாறன்."

இதை எப்படி மொழிபெயர்ப்பது? அப்படியே சொல்லிவிட்டேன். அதிகாரி மேசையில் குப்புற விழுந்து சிரித்தார். சிரித்து முடித்து, செத்த பிறகு வந்து கேட்கச் சொன்னார். மாமா விடவில்லை. "செத்த பிறகு நான் எப்படி வாறது? கேட்டுச் சொல்லு." கடைசியில் அந்த மனுஷன், தான் இங்கே இருக்கும் வரைக்கும் இந்த வேண்டுகோளை மறக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். மாமா சந்தோசமாக வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றித் தந்தார். அதைத் தோய்த்து, கஞ்சி போட்டு, திரும்ப அலுமாரியில் வைப்பது என் வேலையாயிற்று.

பொலிஸ்காரருக்கு மாற்றம் வரும் என்பதை நாங்கள் யோசிக்கவில்லை. ஒருவர் போய் இன்னொருவர் வந்தார். மாமாவின் காதில் அது விழுந்த அன்றே, "புள்ள, சேலய மாத்து," என்றார். வெள்ளைச் சட்டை, அதிகாரிக்குக் கொடுக்கப் பனையோலைப் பையில் இறால், பக்கத்தில் நான். அந்த அதிகாரியும் போனார், இன்னொருவர் வந்தார். என் கணவரைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று நான் கத்தினால், அவருக்கு அன்று பார்த்துத்தான் வலை கிழியும். பெற்ற மகன் நழுவிவிட்டான், வந்த மருமகள் மாட்டிக்கொண்டேன். போகப் போகச் சென்றியில் நிற்பவர்களே எங்களைக் கண்டதும் வழி விட்டார்கள். சிங்களத்தில் சீனவெடிக்கு ரத்திஞ்ஞா என்று பெயர். மாமாவுக்கு 'ரத்திஞ்ஞா சீயா', வெடித் தாத்தா, என்று பட்டம் வைத்தாயிற்று. மாமாவுக்கு அதில் பெருமை வேறு.

வெடியையும் வாங்கிவிட்டார். சித்திரை வருஷப் பிறப்புக்குக் கெடுபிடியைக் கொஞ்சம் தளர்த்துவார்கள். அப்போது சிலாபத்தில் வாங்கி வந்து பிஸ்கட் தகரத்தில் போட்டு வைத்தார். உப்புக் காற்றில் வெடி நமத்துப்போகும் என்று அடிக்கடி பாயில் பரப்பி வெயில் காட்டுவார். பக்கத்துப் பாயில் கருவாடு. காகத்தைக் கலைக்க நான் தடியோடு நிற்பேன். காகம் வெடியைத் தூக்கிக்கொண்டு போய் சென்றிக்கு மேலே போட்டால் என்ன ஆவது என்று தலைக்கு மேலேயே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் ரோந்து வந்த ஆமிக்காரர்கள் நேரே எங்கள் முற்றத்துக்கே வந்துவிட்டார்கள். பாயில் வரிசையாகச் சிவப்புக் கட்டுகள். முன்னால் வந்த பொடியன் துவக்கைத் தூக்கிவிட்டான். எனக்குச் சிங்களம் மறந்துபோனது, தமிழும் மறந்துபோனது. மாமாதான் கையை உயர்த்திக்கொண்டு முன்னால் போய், தனக்குத் தெரிந்த சிங்களத்தை எல்லாம் திரட்டி, "மகே மரணே, மாத்தயா, மகே மரணே!" என்றார். என்னுடைய மரணம், ஐயா, என்னுடைய மரணம். துவக்கு நீட்டியவனிடம் சொல்கிற கதையா அது? நல்லவேளை, பின்னால் வந்தவன் 'ரத்திஞ்ஞா சீயா' என்று அடையாளம் கண்டு சிரித்துவிட்டான். அவர்கள் போன பிறகு நான் மாமாவைத் திட்டிய திட்டு அக்கம்பக்கமெல்லாம் கேட்டது. அவர் குனிந்து வெடியைப் புரட்டிப் போட்டுக்கொண்டே, "மாமியும் இப்பிடித்தான் ஏசுவாள்," என்றார். நான் தடியை எடுத்துக்கொண்டு காகம் கலைக்கப் போய்விட்டேன்.

ஒரு நாள் மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, கதிரையில் சாய்ந்தவர் சாய்ந்தபடியே போய்விட்டார். யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. எனக்குத் தாங்கவில்லை. ஏசுவதற்கு எனக்கென்று இருந்த மனுஷன்.

அழுது முடிக்க நேரம் இல்லை. அந்த நேரம் நாடு திரும்பவும் கொந்தளித்துக்கொண்டிருந்தது. ஊர் அலுவலரான விதானையாரிடம் மரணத் துண்டை வாங்கிக்கொண்டு நான் தனியாகப் பொலிஸுக்குப் போனேன். அதிகாரி அந்தக் கிழமைதான் வந்தவர், எங்கள் இறாலைக் காணாதவர். வெடி என்றதும் முடியவே முடியாது என்றார். பின்னால் நின்ற பழைய சார்ஜன் எட்டிப் பார்த்து, "இது ரத்திஞ்ஞா சீயாவின் மருமகள், சேர்," என்றார். பிறகு என்னிடம் மெதுவாக, "உண்மையாகவே போய்விட்டாரா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். அவர் அதிகாரியின் காதில் ஏதோ நிறையக் கதைத்தார்.

அனுமதி கிடைத்தது, ஆனால் ஒரு நிபந்தனையோடு. கையெழுத்துப் போட்டவர் கடைசி வெடி வெடித்து முடியும்வரை வெடி கொளுத்தும் இடத்திலேயே நிற்க வேண்டும். கூட ஒரு பொலிஸ்காரரும் வருவார். கையெழுத்துப் போட்டவள் நான்.

எங்கள் ஊரில் பொம்பிளைகள் தெருமுனையோடு நின்றுவிடுவார்கள், மயானத்துக்குப் போகிற வழக்கம் கிடையாது. பெரியவர்கள் கொதித்துப்போனார்கள். "அடுத்த தலைமுறை வெளங்குமா?" என்றார் மாமாவின் தம்பி. "நான் வரல்லயெண்டா வெடியும் வராது. ரெண்டில ஒண்டச் சொல்லுங்க," என்று தகரத்தை மடியில் வைத்துக்கொண்டு பிரேதத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். என் கணவர்தான் முதலில் வாய் திறந்தார். "அவ வரட்டும். அப்பாட ஆச." அந்த மனுஷனிடமிருந்து அப்படி ஒரு சொல்லை நான் எதிர்பார்க்கவே இல்லை.

தெருமுனையில் முதல் கட்டு வெடித்தது. பறைமேளமும் சேர்ந்துகொண்டது. வழியெல்லாம் வெடித்துக்கொண்டே போனோம். மாமாவை மண்ணுக்குள் வைத்து, பாதி வெடி முடிந்தபோது, "இனி மாமிக்கு. இடத்தக் காட்டுங்க," என்றேன்.

ஆம்பிளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவசரத்தில் புதைத்தது, கல் ஒன்றும் நடவில்லை. கடல்காற்று மணலை வாரி வாரிக் கொட்டி எல்லாவற்றையும் மட்டமாக்கியிருந்தது. என் கணவர் தாழம்புதர்ப் பக்கம் என்றார். மாமாவின் தம்பி வேலிப் பக்கம் என்று அடித்துச் சொன்னார். இத்தனை வருசமும் இடம் தவறாமல் வந்து போனவர் மாமா ஒருத்தர்தான். எல்லாவற்றையும் திட்டம் போட்ட மனுஷன் அதை மட்டும் யாருக்கும் சொல்லவில்லை.

"தண்ணிக்குள்ள போற மீன் தெரியுது உங்களுக்கு, பெத்த தாயப் புதைச்ச இடம் தெரியல்லயா?" என்று கத்தினேன். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். சொன்ன கையோடு எனக்கே பாவமாகப் போய்விட்டது.

மிச்சக் கட்டுகளை எல்லாம் பிரித்தேன். திரியோடு திரியை முடிச்சுப் போட்டு, தாழம்புதரில் தொடங்கி வேலி வரைக்கும் நீளமாக மணலில் போட்டேன். "இதுக்குள்ள எங்கயோதான் கிடக்கிறா. மாமிக்குக் கேட்டாச் சரி," என்று சொல்லி, கொள்ளியை என் கணவர் கையில் கொடுத்தேன். கூட வந்த பொலிஸ்காரர் பின்னால் போய்க் காதைப் பொத்திக்கொண்டார்.

இடையிடையே சில நமத்துப்போய்ப் புஸ் என்றன. மற்றவையெல்லாம் வெடித்தன. மாமி போன அன்று வாயைப் பொத்திக்கொண்டு நின்ற என் கணவர், அந்த வெடிச் சத்தத்துக்குள் நின்று "அம்மா, அம்மா" என்று கத்தி அழுதார். வெடி எல்லாம் முடிந்து புகை கடல் பக்கம் போன பிறகும் அவர் நிறுத்தவில்லை. யாரும் அவரை நிறுத்தச் சொல்லவும் இல்லை.