ரோசம்மா சொன்ன ஒன்பது பெட்டி

செய்தி வந்தபோது நான் ஒரு படுக்கையறைக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பதினொன்றுக்குப் பதின்மூன்று அடி. நூற்று நாற்பத்து மூன்று சதுர அடி. வெட்டுக்கும் உடைசலுக்கும் பத்து சதவீதம் சேர்த்தால் நூற்று ஐம்பத்தேழு சொச்சம். பெட்டிக்கு நான்கு டைல், பதினாறு சதுர அடி. பத்துப் பெட்டி என்று எழுதும்போது செல்போன் அடித்தது. ரோசம்மாவின் தங்கை. "அண்ணாச்சி, அக்கா போயிட்டா" என்றாள். பேரூர்க்கடையில் ஒரு வீட்டில் முட்டி போட்டு அளவெடுத்துக்கொண்டிருந்தவர் அப்படியே முன்னால் சரிந்துவிட்டாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. தலைக்குள் இரத்தக்குழாய் வெடித்ததாக டாக்டர் சொன்னாராம். எதிரே நின்ற வாடிக்கையாளர் எத்தனை பெட்டி என்று இரண்டு முறை கேட்டார். தாளை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

இதைப் படிக்கும் பலருக்கு ரோசம்மாவைத் தெரியும். கரமனையில் நான் வேலை பார்க்கும் டைல் கடையிலிருந்து உங்கள் வீட்டுக்கு அளவெடுக்க வந்திருப்பார். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்தில் கூலி நின்றுபோனதும் மலையிறங்கி வந்து, சிமெண்டு சுமந்து, பிறகு டைல் பதிக்கிறவரானார். இந்த ஊரில் அந்த வேலை பார்த்த வேறொரு பெண்ணை நான் கண்டதில்லை. அவர் பேச்சில் பாதி தமிழ், பாதி மலையாளம். "ஒரு டைல் கூடக் கூடுதலா வாங்க வேண்டா, கேட்டோ" என்பதைத்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன்.

அவரை முதலில் பார்த்ததே அடி வாங்கும்போதுதான். பாப்பனங்கோட்டில் ஒரு வீடு. கூடம் பதினாறுக்கு இருபது. காண்டிராக்டர் முப்பது பெட்டி வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார். சரக்கோடு நானும் வண்டியில் போயிருந்தேன். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தபால்காரர். அவர் சும்மா ஒரு பேச்சுக்கு, "இவ்வளவு வேணுமா?" என்று கேட்டார். மூலையில் கலவை குழைத்துக்கொண்டிருந்த ரோசம்மா நிமிர்ந்து பார்த்து, "இருபத்திரண்டு மதி சாரே, போதும்" என்றார்.

காண்டிராக்டர் மட்டம் பார்க்கிற அலுமினியப் பட்டையை எடுத்து அவர் முதுகில் அடித்தார். கூடம் முழுக்க அந்தச் சத்தம் அதிர்ந்தது. "எத்தனைடீ?" என்றார். "இருபத்திரண்டு." மறுபடியும் அடி, இம்முறை தோளில். எலும்பு முறிகிற சத்தத்தை அன்றுதான் நான் முதலில் கேட்டேன். ரோசம்மா ஒரு கையை ஊன்றி எழுந்து நின்றார். "முந்நூற்று இருபது அடி. பத்து சதவீதம் சேர்த்தா முந்நூற்று ஐம்பத்திரண்டு. பதினாறால வகுத்துப் பாருங்க. நீங்க கொன்னாலும் இருபத்திரண்டுதான்." மூன்றாவது அடி விழுவதற்குள் தபால்காரர் பாய்ந்து பட்டையைப் பிடித்துக்கொண்டார். நான் வாசலில் வண்டியின் அருகே நின்றிருந்தேன். நின்றுகொண்டே இருந்தேன்.

தோள் எலும்பு கூடியதும் அந்த வீட்டுத் தரையை ரோசம்மாதான் பதித்தார். இருபத்திரண்டு பெட்டியில் மூன்று டைல் மிச்சம். அதன்பிறகு எங்கள் முதலாளி அவரைக் கடையிலேயே அளவெடுக்க வைத்துக்கொண்டார். எட்டு வருடம் நான் பில் போட்டேன், அவர் அளவு சொன்னார். அந்த எட்டு வருடத்தில் அவர் அளவு ஒருமுறைகூடத் தப்பவில்லை.

ஒரே ஒரு முறை அவர் பொய்யளவு சொன்னார். அதைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

பூஜப்புரைக்கு அருகே ஒரு சின்ன வீடு. கணவனும் மனைவியும் மட்டும். படுக்கையறையில் ஆறு டைல் உடைந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று கணவன் கடைக்கு வந்து சொன்னான். நல்ல சட்டை, மெதுவான பேச்சு. ரோசம்மா காலையில் போனார். அரைமணி நேரம் கழித்து எனக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் பேசுகிறார் என்பது குரலில் தெரிந்தது.

"அண்ணாச்சி, அந்த வெள்ளை ரெண்டுக்கு ரெண்டு, பழைய பேட்ச் இப்ப ஸ்டாக் இல்லையில்ல?"

கேள்வியே விசித்திரமாக இருந்தது. அந்த பேட்சில் இரண்டு பெட்டி கோடவுனில் இருப்பது அவருக்கு நன்றாகத் தெரியும். முந்தின நாள் நாங்கள் இருவரும்தான் அதை ஓரமாக எடுத்து வைத்தோம். ஒரு கணம் யோசித்து, "இல்ல ரோசம்மா, தீர்ந்துபோச்சு" என்றேன்.

"அப்ப நெறம் சேராது சாரே" என்று அவர் அவனிடம் மலையாளத்தில் சொல்வது எனக்குக் கேட்டது. "பத்துக்குப் பன்னிரண்டு அறை. முழுசா இளக்கி எடுக்கணும். ஒன்பது பெட்டி. நாலு நாள் தூசி இருக்கும், உள்ளே ஆள் தங்க முடியாது."

அவர் திரும்பி வந்து சொன்ன பிறகுதான் எனக்குப் புரிந்தது. உடைந்த ஆறு டைலும் ஆறு இடத்தில் இருந்தன. ஒன்று கட்டிலுக்கு அடியில். ஒன்று கதவுக்குப் பின்னால். பாரமான ஏதோ ஒன்றால் அடித்து, அடி தவறித் தரையில் விழுந்த இடங்கள். அலமாரி மூலையில் டைல் இடுக்குச் சிமெண்டு பழுப்பாக இருந்தது. ஈர விரலால் தேய்த்துப் பார்த்தாராம். விரலில் சிவப்பு ஒட்டியது. டேப்பின் மறுமுனையைப் பிடித்தது மனைவிதான். கணவன் வாசலில் போன் பேசுகிற இடைவெளியில் அந்தப் பெண், "சேச்சி, என்னை அம்மா வீட்டுக்கு விடமாட்டேங்கிறார். ஒரு வருஷமாச்சு" என்று மட்டும் சொன்னாளாம். இடது கையில் மூன்று விரல் மடங்கவில்லை.

"ரெண்டு பெட்டி போதும்னு சொல்லியிருந்தா, நான் ஒரு நாள்ல ஒட்டிட்டு வந்திருப்பேன். அவ அங்கயே இருந்திருப்பா" என்றார் ரோசம்மா.

நாலு நாள் தூசி என்றதும் அவனே மனைவியை நெய்யாற்றின்கரையில் தாய்வீட்டில் கொண்டுபோய் விட்டான். ஐந்தாம் நாள் கூட்டிவரப் போனபோது அங்கே அவள் அண்ணன்மாரும் ஒரு பெண் போலீசும் இருந்தார்கள். உடைந்த டைல்களை ரோசம்மா சாக்கில் கட்டி, எது எந்த இடத்தில் கிடந்தது என்று பென்சிலால் பின்புறம் குறித்து, ஸ்டேஷனில் கொடுத்துவிட்டிருந்தார்.

அவன் மறுநாள் பதினொரு மணிக்குக் கடைக்கு வந்தான். அதே மெதுவான பேச்சு. "ஆறு டைலுக்கு எத்தனை பெட்டி?" என்று ரோசம்மாவிடம் கேட்டான். காட்சிக்கு வைத்திருந்த டைல் ஒன்றை உருவி அவர் நெற்றியில் அடித்தான். டைல் இரண்டாகப் பிளந்தது. கையில் மிஞ்சிய துண்டு கத்தி போல இருந்தது. அதோடு அவன் மறுபடியும் கையை ஓங்குவதை நான் பார்த்தேன்.

ஓடினேன். கோடவுனுக்குள் நுழைந்து கதவைத் தாழிட்டேன். உள்ளே இருட்டில் பெட்டிகளுக்கு நடுவே நின்று வெளியே கேட்டதையெல்லாம் கேட்டேன். டைல் அடுக்குகள் சரிந்தன. ரோசம்மா ஒரு முறை கத்தினார். பிறகு அவன் கத்தினான். அவர் அவன் மணிக்கட்டைக் கடித்திருக்கிறார், விடவே இல்லை. லாரியிலிருந்து சரக்கு இறக்கிக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்துதான் அவனைத் தரையில் அழுத்திப் பிடித்தார்கள். நான் கதவைத் திறந்தபோது ரோசம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தின் இடதுபாதி தெரியவில்லை. வாயில் இருந்தது அவன் இரத்தம்.

இடது கண் போய்விட்டது. மெடிக்கல் காலேஜில் ஒன்பதாம் நாள்தான் அவரைப் பார்க்கத் துணிந்தேன். கட்டிலருகே நின்று, "நான் ஓடிட்டேன் ரோசம்மா" என்றேன்.

"தெரியும். தாழ்ப்பாள் போட்ட சத்தம் கேட்டுச்சு அண்ணாச்சி."

நான் அழுதேன். அவர் தேற்றவில்லை.

"கோபம் உண்டு. இல்லேன்னு சொல்ல மாட்டேன். கோர்ட்டுக்கு வாங்க. மொத அடிய நீங்க கண்டீங்க இல்ல? அதச் சொல்லுங்க. ஓடினதையும் சொல்லணும், கேட்டோ."

வஞ்சியூர் கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் ரோசம்மாவிடம், "ஸ்டாக் இல்லை என்று நீங்கள் சொன்னது பொய்தானே? ஒன்பது பெட்டி என்றதும் பொய்தானே?" என்று கேட்டார். "ஆமா சார், பொய்தான். ரெண்டு பெட்டி மதி. அந்த வீட்டுல இன்னொரு தடவ அளவெடுத்தாலும் ஒன்பதுன்னுதான் சொல்லுவேன்" என்றார். நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்.

என் முறை வந்தது. முதல் அடியைச் சொன்னேன். அதற்குப் பிறகு நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்றார் வக்கீல். சொன்னேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தாழிட்டதையும் சேர்த்துச் சொன்னேன்.

அவனுக்குத் தண்டனை கிடைத்தது. அந்தப் பெண் நெய்யாற்றின்கரையில் தையல் கடை வைத்திருக்கிறாள். ரோசம்மாவை அடக்கம் செய்த அன்று வந்திருந்தாள். மடங்காத விரல்களால் மண்ணை அள்ள முடியாமல் இரு உள்ளங்கைகளையும் சேர்த்து அள்ளிப் போட்டாள்.

கோர்ட்டு முடிந்து வெளியே வந்த அன்று நான் ரோசம்மாவிடம், "இப்ப கோபம் போச்சா?" என்று கேட்டேன். ஒற்றைக் கண்ணால் என்னை நேராகப் பார்த்து, "பாதி போச்சு அண்ணாச்சி" என்றார். அதன்பிறகு ஒன்றாக வேலை பார்த்தோம், ஒன்றாகச் சாப்பிட்டோம், அவர் தங்கை மகளின் கல்யாணத்துக்கு நான்தான் பந்தி பார்த்தேன். மீதிப் பாதியைப் பற்றி அவர் பேசவில்லை. மன்னித்துவிட்டேன் என்று பொய் சொல்லவும் இல்லை.

போன வாரம் கடையில் ஒருவன், டைல் நிறம் பிடிக்கவில்லை என்று சொன்ன மனைவியை எல்லோர் முன்னாலும் அடிக்கக் கை ஓங்கினான். கவுண்டரைச் சுற்றி வந்து நடுவில் நின்றேன். அடி என் காதில் விழுந்தது. இன்னும் ஒரு இரைச்சல் இருக்கிறது. ஆனால் நான் நகரவில்லை.

ரோசம்மாவிடமிருந்து எனக்குக் கிடைத்தது அவருடைய அந்த மீதிக் கோபம். அது என்மேல் உள்ள கோபம். நான் அதை வைத்துக்கொள்கிறேன்.