கண்மாய்க்குள் தண்ணீர் தேடி வந்தது

பந்தல்குடி ரோட்டோரக் கடையில் புரோட்டாவுக்குக் காத்திருந்தபோது சீமைக்கருவேல விறகு எரியும் வாசனை வந்தது. சட்டையில் ஏறினால் லேசில் போகாத புகை. என் மனைவிக்கு ஆகவே ஆகாது. எனக்கோ, மீசை சரியாக முளைக்காத வயது திரும்பி வந்தது போலிருந்தது.

அப்போது திருச்சுழிப் பக்கம் ஒரு கண்மாய்க்குள் கரிமூட்டத்தில் வேலை. சீமைக்கருவேலத்தை வெட்டி அடுக்கி, மண் பூசி, புகையவிட்டுக் கரியாக்குவார்கள். நான் மேற்பார்வை, அதாவது மற்றவர்கள் வெட்டுவார்கள், நான் காலில் குத்திய முள்ளைப் பிடுங்கிக்கொண்டு நிற்பேன். தண்ணீரைப் பார்த்துப் பல வருசமான கண்மாய் அது. ஆடு நுழைந்தாலே தோல் கிழிகிற முள்ளுக்காடு.

அந்த முள்ளுக்குள் திரிந்த அதை முதலில் பார்த்தவர் சவரிமுத்து அண்ணன், எங்கள் கூட்டத்தின் கெட்டிக்கார வெட்டுக்காரர். "தம்பி, நாய் மாதிரி இருக்கு, நாயில்ல. பூனை மாதிரி நடக்கு, பூனையுமில்ல" என்றார். அண்ணனுக்குச் சாயங்காலம் கொஞ்சம் ஊற்றிக்கொள்கிற பழக்கம் உண்டு. அதனால் யாரும் நம்பவில்லை. அவர் பார்த்தது காலையில் என்பதை வசதியாக மறந்துவிட்டோம்.

பிறகு நானே பார்த்தேன். புழுதி நிறம், முதுகில் நட்டுக்கொண்டு நிற்கும் மயிர். வால் இருந்ததா என்று இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. அது குரைக்கவில்லை, உறுமவுமில்லை. சளி பிடித்த பெரியவர் மாதிரி ஒருமுறை இருமியது. நான் ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு காட்டிலேயே தங்கிவிட்டது.

மூட்டத்து முதலாளி, "வேட்டைநாயைக் கொண்டாறேன், ரெண்டுல ஒண்ணு பாத்துருவோம்" என்று கிளம்பிப் போனார்.

அன்று மத்தியானம் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தோம். அண்ணனின் மனைவி புஷ்பம் அக்கா, கைக்குழந்தையைச் சேலைத் தொட்டிலில் போட்டு மரத்தில் கட்டியிருந்தாள். தொட்டிலுக்கடியில் ஒழுகுகிற தண்ணீர்ப் பானை. திரும்பிப் பார்த்தால், அது அங்கே நின்று ஈர மண்ணை நக்கிக்கொண்டிருக்கிறது.

அண்ணன் கோடாலியைத் தூக்கிவிட்டார். அக்கா அவர் கையைப் பிடித்தாள்.

"சத்தங்காட்டாதீக. தவிச்சு வந்திருக்கு, குடிச்சிட்டுப் போகட்டும்."

சொன்னவளின் இன்னொரு கையில் அரிவாள் இருந்தது. தொட்டிலுக்கு வெளியே குழந்தையின் கால் தொங்கியது. அது மூக்கைத் தூக்கி, அந்தப் பாதத்தை மோந்து பார்த்தது. குழந்தை கூச்சத்தில் கிளுக்கென்று சிரித்தது. அது சாவகாசமாகத் திரும்பி முள்ளுக்குள் போய்விட்டது.

அக்கா குழந்தையை வாரியெடுத்து அழுதாள். அழுதுகொண்டே எங்களையும் ஏசினாள்: "இத்தன ஆம்பளைக இருக்கீக, ஒரு சட்டித் தண்ணி வைக்கத் தோணுச்சா?"

அன்றே கரையடியில் ஒரு மண்சட்டி வைத்தோம். முதலாளி நாய்களோடு வந்தபோது அக்கா வழிமறித்தாள். "நாய் உள்ள போனா, எங்க அருவா வெளிய போயிரும் மொதலாளி." நாங்களும் வேலையை நிறுத்திவிட்டு அவள் பின்னால் போய் நின்றோம். முதலாளி முணுமுணுத்தபடி நாய்களை வண்டியில் ஏற்றினார்.

காலையில் சட்டி காலியாக இருந்தால் எங்களுக்கு அப்படியொரு சந்தோசம். ஆட்டுக்காரர் ஒருவர் கழுதைப்புலி என்றார், இன்னொருவர் மரநாய் என்றார். இருவருமே அதைப் பார்த்ததில்லை.

கொஞ்ச வருசம் முன்னால் கண்மாயைத் தூர்வார வந்தார்கள். முள் ஒழிந்தால் தண்ணீர் நிற்கும் என்று ஊருக்கே மகிழ்ச்சி, எனக்கும்தான். இயந்திரம் மரங்களை வேரோடு பிடுங்குவதைக் கரையில் நின்று பார்த்தேன். முயல் ஓடியது. உடும்பு ஓடியது. கௌதாரிகள் கூட்டமாகப் பறந்தன. கடைசி மரம் சாயும்வரை நின்றேன். அது மட்டும் வரவேயில்லை.