முப்பத்தியோராவது குறை

என் அக்கா வீட்டுப் புதுமனை புகுவிழாவில், மூன்றாவது பந்தியில், மேலே கூரையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் அத்தானின் ரசத்தில் விழுந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. மாடிக் குளியலறையில் யாரோ கால் கழுவியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த வீட்டை வாங்கும் முன் வாஸ்து பார்ப்பவர் வந்தார், பத்திரம் எழுதுபவர் வந்தார், புரோக்கர் வந்தார், வங்கியிலிருந்து ஒருவர் வந்து வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார். ஒருத்தராவது மாடிக் குழாயைத் திறந்துவிட்டு, கீழே வந்து அண்ணாந்து பார்த்தாரா? சிவில் இன்ஜினியரிங் முடித்து எட்டு மாதம் சும்மா இருந்த நான் கை கழுவுவதற்குள் முடிவு செய்துவிட்டேன். திண்டுக்கல்லில் வீடு வாங்குகிறவர்களுக்கு வீட்டைப் பரிசோதித்துச் சொல்வதுதான் இனி என் வேலை.

"வீட்டுக்கு டாக்டரா நீயி? ஊசிய எங்க குத்துவ?" என்றார் அத்தான்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நான் எப்படிப்பட்ட ஆள் என்று தெரிந்தால்தான் அப்புறம் வருவதைக் கேட்டு நீங்கள் சிரிக்காமல் இருப்பீர்கள். ஆவி, காத்து கருப்பு எதுவும் என்னிடம் செல்லாது. பழைய வீட்டில் 'டக் டக்' என்று கேட்டால் குழாயில் அடைத்த காற்று என்பேன், சுவரில் முகம் தெரிகிறது என்றால் ஈரம் என்பேன், கருவியை வைத்து எவ்வளவு ஈரம் என்றும் காட்டுவேன். இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறேன், ஒரே ஒரு வீட்டைத் தவிர.

அந்தோணி சாரும் ஸ்டெல்லா டீச்சரும் கணவன் மனைவி, இருவருக்கும் பள்ளிக்கூட வேலை. டீச்சருக்குப் பிறந்த வீட்டில் கொடுத்த சித்தையன்கோட்டை வயலை விற்றுவிட்டு, சாணார்பட்டி போகும் சாலையில் மாடி வைத்த ஒரு வீட்டைப் பேசி முடித்திருந்தார்கள். நான் வீட்டைப் பார்க்கப் போன அன்றே சாயங்காலம் ஐந்து மணிக்கு அட்வான்ஸ். வயல் போய்விட்டது, வீடும் சொத்தையாக அமைந்துவிட்டால் அவர்களுக்கு வேறு எதுவும் இல்லை. முதல் நாள் டீச்சர் போனில் சொன்னார்: "தம்பி, எங்களுக்கு வீடு பாக்கத் தெரியாது. வாங்கலாமா வேணாமான்னு ஒத்த வார்த்தை சொல்லுங்க. அம்புட்டுத்தான்."

எனக்கு அது மூன்றாவது வீடு. முதல் இரண்டும் சொந்தக்காரர்களுடையது, காப்பி மட்டும் கொடுத்தார்கள்.

காலையில் புரோக்கர் முத்தையா அண்ணன் பூட்டைத் திறந்துவிட்டார். வீட்டுக்காரர் கோயம்புத்தூரில் இருந்தார், ஆறு மாதமாக வீடு காலி.

"ஏலே அப்பு, பொண்ணு பாக்கப் போன எடத்துல வாயத் தெறக்கச் சொல்லி பல்ல எண்ணுற மாதிரி இருக்குடா நீ பண்ணுறது."

"நாளைக்குப் பல்லு வலிச்சா நீங்களாண்ணே வந்து பாப்பீங்க?" என்றேன். சாவியை என் கையில் போட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

நான் வேலை செய்யும் முறை இதுதான். முதலில் எல்லா அறைகளையும் வீடியோ எடுப்பேன். அப்புறம் வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்துவிடுவேன். கடைசியில் குச்சியால் தரையையும் சின்னச் சுத்தியலால் சுவரையும் தட்டிக்கொண்டே போவேன். சத்தம் பொத்தென்று கேட்டால் உள்ளே பொள்ளல் என்று அர்த்தம், அந்த இடத்தில் மஞ்சள் சாக்பீஸால் ஒரு வட்டம், நடுவில் ஒரு புள்ளி. பெருக்கல் குறி போட்டால் பரீட்சைத் தாள் மாதிரி இருக்கிறது என்று நானாக யோசித்து வைத்த குறி அது.

மதியம் ஒன்றரைக்குள் முப்பது குறைகள். குளியலறைத் தரை வாசல் பக்கம் சரிந்திருந்தது, அடுப்படி பிளக்குக்கு எர்த் வயரே இல்லை, மாடி ஜன்னலுக்குக் கீழே மட்டும் புதுப் பெயின்ட் பளிச்சென்று இருந்தது. வாங்குகிறவர்கள் அப்படி ஒரு பளிச்சைப் பார்த்தால் முதலில் அங்கேதான் கையை வைக்க வேண்டும். விற்கிறவர்களுக்கும் ஒன்று: இருக்கும் குறையை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள், மறைத்த குறைக்குத்தான் பேரத்தில் விலை இரண்டு மடங்கு இறங்கும். முப்பதையும் எழுதி முடித்தபோது எனக்கே என் முதுகில் தட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. எல்லாமே சரிசெய்யக்கூடியவை. வாங்கலாம் என்று மனதுக்குள் எழுதியும் விட்டேன்.

பின்கதவு உள்ளே தாழ்ப்பாள், ஜன்னல்கள் எல்லாம் கொக்கி போட்டவை. புதிதாக எடுத்த சாக்பீஸை ஹால் ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, முன்கதவைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போனேன். போய்விட்டு வர முக்கால் மணி நேரம்.

நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, திரும்பி வந்து கதவைத் திறந்தால், ஹாலுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் நிற்கும் தூணில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், மஞ்சள் வட்டம். நடுவில் புள்ளி. ஒரே கோட்டின் மேல் பத்துப் பதினைந்து முறை அழுத்தி அழுத்திப் போட்டது போலத் தடித்திருந்தது, தரையில் மஞ்சள் பொடி உதிர்ந்து கிடந்தது. ஜன்னல் கட்டையில் இருந்த சாக்பீஸ் பாதியாகிவிட்டிருந்தது.

நான்தான் போட்டுவிட்டு மறந்திருப்பேன் என்று வீடியோவை ஓட்டினேன். காலையில் அந்தத் தூண் சுத்தமாக இருந்தது. அதோடு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த உயரத்தில் நான் தட்டவே இல்லை. தூணைக் கை போகும் உயரத்தில்தான் தட்டினேன், குனியவில்லை. மாடிப் படுக்கையறையின் மொத்தப் பாரமும் அந்தத் தூணின் மேல்தான்.

குனிந்து தட்டினேன். பொத்தென்றது.

ஐந்து மணிக்கு அந்தோணி சாரும் டீச்சரும் முத்தையா அண்ணனோடு வந்தார்கள். பூச்சை உடைத்துப் பார்க்க வேண்டும் என்றதும் முத்தையா அண்ணன் துள்ளினார். "ஏலே, நல்ல தூணப் போயி! வீட்டுக்காரருக்கு யாருடா பதில் சொல்றது?" நானே வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அவரும் யாரிடமோ வாங்கியவர்தான், ஒன்றும் இருக்காது, தாராளமாக உடைத்துப் பாருங்கள் என்றார்.

டீச்சர் தூணைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இம்புட்டுத் தாழ்வா இருக்கறத எப்படித் தம்பி கண்டுபிடிச்சீங்க?"

"அனுபவம் டீச்சர்" என்றேன். மூன்று வீட்டு அனுபவம்!

சுத்தியலால் நாலு போடு போட்டதும் பூச்சு பெயர்ந்து விழுந்தது. உள்ளே கான்கிரீட் சரியாக இறங்காமல் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது, கம்பி துருப்பிடித்துச் செதில் செதிலாக உதிர்ந்தது. அந்தோணி சார் அட்வான்ஸ் வைத்திருந்த பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். டீச்சர் சிலுவை போட்டுக்கொண்டார். எல்லோரும் கம்பியைப் பார்த்தார்கள். நான் மட்டும் அதற்குப் பக்கத்தில் பார்த்தேன். பூச்சுக்கு அடியில், வீடு கட்டிய காலத்துக் கான்கிரீட்டின் மேல், செங்கல் துண்டால் தேய்த்தது போலச் சிவப்பில் ஒரு வட்டம். நடுவில் ஒரு புள்ளி.

போட்டோ என்னிடம் இருக்கிறது. காட்டினால் எல்லோரும் துருக்கறை என்கிறார்கள். துருவுக்கு நடுவில் புள்ளி வைக்கத் தெரியுமா?

அன்று அட்வான்ஸ் கை மாறவில்லை. வீட்டுக்காரர் தன் செலவில், அனுபவமுள்ள ஓர் இன்ஜினியரை வைத்து அந்தத் தூணைப் பலப்படுத்திக் கொடுத்தார், விலையும் குறைத்தார். அதற்கப்புறம்தான் பத்திரம் முடிந்தது. கிறிஸ்துமஸுக்கு டீச்சர் அந்த வாசலில் ஸ்டார் கட்டிவிட்டார். "தூண வெளியில இருந்தே படிச்சுட்டான்யா பய" என்று முத்தையா அண்ணன் ஊரெல்லாம் சொன்னதில், இப்போது வாரத்துக்கு இரண்டு வீடு எனக்கு. இந்த ஊரில் வாங்குகிறவர்கள் வாஸ்துவுக்கு முன்னால் என்னைக் கூப்பிடுகிறார்கள் என்பதில் எனக்கு ரொம்பப் பெருமை, அதை மறைக்க மாட்டேன். ஆனால் அந்தப் பெருமை மொத்தமும் நிற்பது நான் கண்டுபிடிக்காத ஒன்றின் மேல்.

பொறுக்க முடியாமல் போன வாரம் டீச்சரிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். பயந்துவிடுவார் என்று நினைத்தேன். காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "அப்ப அந்த ரிப்போர்ட்டுல இன்னொருத்தர் பேரையும் போட்டிருக்கணும்ல தம்பி?"

என்ன பேரைப் போடுவது? அன்று கதவைத் திறந்தபோது யாருமே இல்லை. அந்த மஞ்சள் பொடி மட்டும் தரையில் அப்படியே அசையாமல் கிடந்தது, சுற்றிலும் ஆறு மாதத்துத் தூசி. அந்தத் தூசியில் என் கால்தடங்கள் வரிசையாக இருந்தன. தூணுக்கு அருகில் மட்டும், காலையில் நான் நின்று தட்டிய தடம்கூட இல்லை.

வருகிற சனிக்கிழமை கொடைரோட்டில் ஒரு வீடு, இரண்டு வருடமாகப் பூட்டியே கிடப்பது. எல்லாவற்றையும் குனிந்து தட்டுவேன், ஒரே ஒரு சுவரைத் தவிர. சாக்பீஸை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, கேமராவை ஓடவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போவேன். எந்தச் சுவரை விடப்போகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. இங்கேயும் எழுதப்போவதில்லை.