சீலா மீனுக்கு வந்த தண்ணீர்

முத்தையாபுரத்துப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்கு நான் அறிவியல் எடுக்கிறேன். உணவுச் சங்கிலியைக் கேட்டால் புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு என்று புத்தகத்தில் உள்ளபடி ஒப்பித்துவிடுவார்கள். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் பத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் போகும் என்பதையும் ஒப்பிப்பார்கள். மனசில் இறங்கியிருக்காது.

அதனால் ஒருநாள் மைதானத்துக்குக் கூட்டிப்போய், நான்கு பேரை வரிசையாக நிறுத்தினேன். முதலில் நிற்பவள் கடலில் மிதக்கும் நுண்பாசி, அடுத்தவள் அதைத் தின்னும் பொடி உயிர், மூன்றாமவள் அதைத் தின்னும் சாளை மீன், கடைசியில் சாளையைத் தின்னும் பெரிய சீலா மீன். பாசியின் கையில் செம்பிலிருந்து நிறையத் தண்ணீர் ஊற்றி, கைக்குக் கை மாற்றச் சொன்னேன்.

சீலாவாக நின்றவள் ஆற்றங்கரை வயக்காட்டு ஊரிலிருந்து அந்த ஆண்டுதான் வந்திருந்தாள். அவள் அப்பாவுக்கு அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை. வகுப்பில் அவள் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. தண்ணீர் அவளிடம் வந்தபோது உள்ளங்கை நனைந்ததோடு சரி. மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் கையையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மிச்சம் எங்கன போச்சு டீச்சர்?"

சிரிப்பு அடங்கியது. நீந்தவும் மூச்சுவிடவும் ஒவ்வொரு உயிரும் தின்றதில் பெரும்பகுதியைச் செலவழித்துவிடும், அது வெப்பமாகக் கலைந்துவிடும், திரும்பி வராது என்றேன். சாளையாக நின்றவளின் அப்பா வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். சாளை குவியலாகக் கிடைப்பதும் சீலா அபூர்வமாகக் கிடைப்பதும் இதனால்தானா என்று கேட்டாள். இது பெரிய காரணம் என்றேன். அவள் மற்றவர்கள் பக்கம் திரும்பினாள்.

"ஏளா, பாசி ஒருத்தி பத்தாது. எல்லாரும் பாசியா வந்து நில்லுங்க."

அடுத்த வகுப்பில் பலகையில் வரைய நான் வைத்திருந்த ஆற்றல் பிரமிடு மைதானத்திலேயே எழுந்து நின்றது. கூட்டமாகப் பாசிகள், சில பொடி உயிர்கள், இரண்டு சாளை, ஒரு சீலா. இம்முறை புதுப் பெண்ணின் கைக்குழியில் தண்ணீர் தேங்கியது. அதை முகத்தில் அடித்துக்கொண்டாள்.

"பாசிக்கு யாரு ஊத்துவா?" என்று ஒருத்தி கேட்டாள்.

புதுப் பெண் கண்ணைச் சுருக்கி மேலே பார்த்தாள். "வெயிலுதான். தெனமும் ஊத்துதே."

மறுவாரம் இதேபோல் அவள் ஊர் வயலைப் போட்டோம். நெல், எலி, பாம்பு, மயில். யார் எங்கே நிற்பது என்று மைதானம் முழுக்கக் கேட்கும்படி அவள்தான் சொன்னாள். வள்ளக்காரர் மகள் எலியாக நிற்க மாட்டேன் என்று அவளிடம் சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள்.